நேராகப் பறந்தால்

ஈரத்துணியால் முகத்தைத் துடைத்துவிட்டுக்கொண்டிருந்தபோது பாட்சா கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"நியூசிலாந்துலேருந்து இங்க வர்றதுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்?"

ஜெய்னப்பின் கை அவருடைய காதோரத்தில் அப்படியே நின்றுவிட்டது. இரண்டு வருஷமாக அந்த நாட்டின் பெயர் அவர் வாயிலிருந்து வந்ததில்லை. மகன் சாஹில் வீடியோவில் கூப்பிடுகிற ஞாயிற்றுக்கிழமைகளில், போன் அடித்ததுமே செருப்பை மாட்டிக்கொண்டு ஜிஎஸ்டி ரோடு வரைக்கும் நடந்துவிடுவார். இங்கே பேசி முடித்திருப்பார்கள் என்று தோன்றிய பிறகுதான் திரும்பி வருவார். வந்ததும் யார் பேசினார்கள், என்ன பேசினார்கள் என்று எதையும் கேட்கமாட்டார். தண்ணீர் மட்டும் கேட்பார். நடக்க முடியாமல் கட்டிலோடு கிடந்த இந்த ஒரு மாதத்தில், போன் அடித்தால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டிருந்தார்.

"ஷபீனா, இங்க வா" என்று ஜெய்னப் மகளைக் கூப்பிட்டாள். ஷபீனா கூடுவாஞ்சேரியில் குடியிருப்பவள். ஆஸ்பத்திரியில், இனிமேல் வீட்டிலேயே வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லி அனுப்பிய நாளிலிருந்து இரும்புலியூர் வீட்டுக்கே வந்து தங்கியிருந்தாள். அம்மா கண்ணால் காட்டியதும் அவளுக்குப் புரிந்துவிட்டது. போனை எடுத்துத் தட்டினாள்.

"ஆக்லாந்து டூ சென்னை. பதினோராயிரத்துச் சொச்சம் கிலோமீட்டர் அத்தா. பதினாலு மணி நேரம்னு போட்டிருக்கு."

மார்புக்குள் நீர் சேர்ந்திருந்ததால் ஒவ்வொரு மூச்சையும் பாட்சா கிணற்றிலிருந்து இறைப்பது போல இறைத்துக்கொண்டிருந்தார்.

"அவ்ளோதானா" என்றார்.

வரச் சொல் என்று அவர் சொல்லவில்லை. அவர் வாயால் அதைச் சொல்லமாட்டார் என்பது நாற்பது வருஷம் கூட வாழ்ந்தவளுக்குத் தெரியாதா. ஜெய்னப் துணியை வாளியில் போட்டுவிட்டு அடுப்படிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மகனைக் கூப்பிட்டாள். அங்கே பொழுது என்ன என்று பார்க்கவில்லை. "கிளம்பி வாப்பா" என்றாள். "கூப்பிட்டாரா?" என்று கேட்டான் அவன். "கிளம்பி வா" என்று மறுபடியும் சொன்னாள்.

நடந்தது இதுதான். மேற்குத் தாம்பரத்தில் ஷண்முகம் சாலையில் பாட்சா பெட்டிக்கடை வைத்திருந்தார். பெட்டிக்கடை என்றால் வெற்றிலை பாக்கு விற்கும் கடை அல்ல. சூட்கேஸ், டிராலி, பள்ளிக்கூடப் பை எல்லாம் கூரை வரைக்கும் அடுக்கியிருக்கிற கடை. வெளிநாட்டுக்குப் போகிற பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சேலையூரிலிருந்தும் அஸ்தினாபுரத்திலிருந்தும் அப்பா அம்மாக்கள் அவர் கடைக்கு வருவார்கள். எந்த ஊர், எந்த விமானம் என்று கேட்டு, அதற்குத் தகுந்த பெட்டியைக் கொக்கியால் இறக்கிக் கொடுப்பார். அவரே ஒரு தடவையும் விமானத்தில் ஏறியதில்லை. முதல் தடவை சாஹில் புறப்பட்டபோது கடையிலிருந்ததிலேயே நல்ல பெட்டியை எடுத்து வந்து, பையனை விலகச் சொல்லிவிட்டு, ஒவ்வொரு சட்டையாக அவரே சுருட்டி அடுக்கினார். அவன் அங்கே ஒரு பால்பவுடர் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்து, ரூக்சாரைக் கட்டிக் கூட்டிப்போய், வருஷங்கள் ஓடிவிட்டன.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பாட்சா கடையிலேயே ஒரு நாள் ஏணியிலிருந்து விழுந்தார். சாஹில் ஓடிவந்தான். "எதுக்கு அத்தா இந்தக் கடை, விட்டுட்டு எங்ககூட வந்து இருங்க" என்றான். அவர் சிரித்தார். மறுநாளும் சொன்னான். அவர் சிரிக்கவில்லை. அவன் திரும்பிப் போவதற்கு முன்னால், அவர் இடுப்பில் பெல்ட் கட்டிப் படுத்திருந்த சமயம், கடை இருந்த கட்டடத்தின் சொந்தக்காரரைப் பார்த்துப் பேசி, அவரைக் கேட்காமலே கடையைக் காலி செய்து சாவியைக் கொடுத்துவிட்டு வந்தான். நல்லதுக்குத்தான் செய்தான். அவன் அப்படித்தான் நினைத்தான், ஷபீனாவும் அப்படித்தான் நினைத்தாள், உண்மையைச் சொன்னால் ஜெய்னப்பும் ஒரு பக்கம் அப்படித்தான் நினைத்தாள். அவருக்கு விஷயம் தெரிந்தது சாஹில் புறப்படுகிற அன்று. வாசலில் கார் நின்றுகொண்டிருந்தது. அவர் கம்பை ஊன்றிக்கொண்டு வந்து கதவைப் பிடித்து நின்று, சத்தமே போடாமல் சொன்னார்: "இனிமே நீ இங்க வரவேண்டியதில்ல. என் மையத்தத் தூக்கவும் வராத."

சாஹில் அவர் காலைத் தொடக் குனிந்தான். அவர் காலை நகர்த்திக்கொண்டார். அதுதான் ஜெய்னப்பால் மறக்க முடியாதது. சொன்ன சொல்லைக்கூட, கோபத்தில் சொன்னது என்று ஒதுக்கிவிடலாம். இடுப்பு ஒடிந்த மனுஷன் அவ்வளவு வலியிலும் காலை அப்படி நகர்த்தினாரே, அது.

ஜெய்னப் அடுப்படியிலிருந்து கூப்பிட்டதற்கு அடுத்த நாளே சாஹிலுக்கு டிக்கெட் கிடைத்தது. ஆனால் சிங்கப்பூரில் இறங்கி, ராத்திரி முழுக்க விமான நிலையத்திலேயே காத்திருந்து, காலையில்தான் சென்னைக்கு வேறு விமானம். நம் ஊர் விடிகிற நேரத்துக்கு அங்கே ஏறுவான், மறுநாள் வெயில் ஏறுகிற நேரத்துக்கு இங்கே இறங்குவான். ஷபீனாவின் புருஷன் ஷாகுல் இதை ஜெய்னப்புக்கு இரண்டு தடவை விளக்கிச் சொன்னார்.

மறுநாள் விடியற்காலையில் சுபுஹ் தொழுதுவிட்டு வந்து ஜெய்னப் பாட்சாவின் காதருகே குனிந்தாள். "ஏறிட்டானாம்."

அவர் கண்ணைத் திறந்தார். போர்வைக்கு மேல் கிடந்த வலது கையின் கட்டைவிரல் மற்ற விரல்களின் கணுக்களில் மெதுவாக ஏறி இறங்கியது. அவர் கணக்குப் போடுகிறார் என்று அவளுக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது.

"அப்ப ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவான்" என்றார்.

இல்லைங்க, நாளைக்குத்தான் என்று சொல்ல அவள் வாயெடுத்தாள். அவர் முகத்தில் ஒரு மாதமாக இல்லாத ஏதோ ஒன்று வந்திருந்தது. சந்தோஷம் என்று சொல்லிவிட முடியாது. ஏதோ வேலை பாக்கி இருக்கிற ஆளின் முகம் அது. அவர் கடையைத் திறக்கிற காலைகளில் அப்படித்தான் இருப்பார்.

"வந்துடுவான்" என்றாள் ஜெய்னப்.

"தால்ச்சா வை. அங்க யாரு வெச்சுக் குடுக்கப் போறா."

அவள் பருப்பை ஊறப் போட்டாள். ஷபீனா கறி வாங்க ஆள் அனுப்பினாள். பதினோரு மணி வாக்கில் அவர் வெள்ளைச் சட்டை போட்டுவிடச் சொன்னார். கையை மடக்க முடியாததால் சட்டையை முன்பக்கம் மட்டும் விரித்து, தோளில் செருகிவிட்டாள். அதன் பிறகு அவர் வாசலைப் பார்த்தபடியே கிடந்தார். பள்ளிவாசலில் நடுப்பகல் லுஹர் பாங்கு ஆரம்பித்தபோது ஷபீனாதான் பக்கத்தில் இருந்தாள். "அம்மா" என்று ஒரே ஒரு தடவை கூப்பிட்டாள். ஜெய்னப் கையில் கரண்டியோடு வந்து நின்றபோது, இறைப்பது நின்றுபோயிருந்தது. வீட்டில் அப்படியொரு அமைதி இருப்பதே ஒரு மாதமாக அவளுக்கு மறந்துபோயிருந்தது. இன்னாலில்லாஹி என்று அவள் உதடு சொன்னது. அடுப்பை அணைத்தோமா என்று மனசு கேட்டது.

அதற்குப் பிறகு எல்லாம் தன்னால் நடந்தது. யாரோ தாடையைத் துணியால் கட்டினார்கள். கட்டிலைத் திசை பார்த்துத் திருப்பிப் போட்டார்கள். எதிர்வீட்டு யேசுதாசன் சார் தெருவில் நாற்காலிகளை இறக்கிப் போட ஏற்பாடு செய்தார். அவர் மனைவி ரத்தினபாய் வந்து ஜெய்னப்பின் கையைப் பிடித்துக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருந்தாள். அடுப்படியில் பாதி வெந்த பருப்பை யாரோ மூடி ஓரமாக நகர்த்திவைத்த சத்தம் கேட்டது.

பள்ளிவாசல் ஜமாஅத் செயலாளர் வந்து ஹாலில் நின்று ஷாகுலிடம் பேசியது உள்ளறையில் இருந்த ஜெய்னப்புக்கு நன்றாகவே கேட்டது. "சாயங்காலம் அசருக்கு அப்புறம் எடுத்துடலாம். கபுர் வெட்டச் சொல்லிட்டேன். மையத்த தாமதிக்கக் கூடாது."

"மகன் வந்துகிட்டிருக்காரு" என்றார் ஷாகுல்.

"எப்ப வருவார்?"

"நாளைக்குக் காலைல."

செயலாளர் தலையை ஆட்டியிருக்க வேண்டும். யேசுதாசன் சார் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்க. குரோம்பேட்டையில ஐஸ் பெட்டி வாடகைக்குத் தர்றாங்க. நான் போன் பண்ணா அரை மணியில வந்துரும். எங்க அக்கா தவறினப்போ அமெரிக்காவுலேந்து பையன் வர்ற வரைக்கும் மூணு நாள் வெச்சிருந்தோம். பெத்த புள்ள மொகம் பாக்கணும்ல."

அவர் சொன்னதில் தப்பு ஒன்றுமில்லை. ஜெய்னப்புக்கும் அந்த ஆசை வந்தது. ஒரு ராத்திரிதானே. ஆனால் பாட்சா போன வருஷம், தெருக்கோடியில் ஒருவரை அப்படிப் பெட்டியில் வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு வந்து சொன்னது அவள் காதில் இருந்தது. கண்ணாடிக்குள்ள மீன் மாதிரி வெச்சிருக்காங்க, என்னை அப்படி வெச்சுராதீங்க, எனக்காக யாரும் காத்திருக்கவும் வேணாம், நானும் யாருக்காகவும் காத்திருக்க மாட்டேன் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை அவர் யாரை நினைத்துச் சொன்னார் என்று அன்றைக்கே அவளுக்குத் தெரியும்.

அவள் துப்பட்டியைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு கதவின் பின்னால் வந்து நின்றாள். "ஷாகுல், ஐஸ் பெட்டி வேணாம். ஆனா அசருக்கும் வேணாம். அவன் சிங்கப்பூர்ல எறங்கட்டும். அவங்கிட்ட சொல்லாம இவர எடுக்கக் கூடாது."

"மகன் வர்ற வரைக்கும் இருக்கச் சொன்னார்னா நாளைக்கு ஆயிடுமேம்மா" என்றார் செயலாளர்.

"இருக்கச் சொல்ல மாட்டான். சொன்னான்னா அப்ப பாத்துக்கலாம். பொழுது சாஞ்சு மஃரிப் வரைக்கும் குடுங்க."

செயலாளர் ஒத்துக்கொண்டார். அவர் போன பிறகு ஷாகுல் உள்ளே வந்து அவள் எதிரில் உட்கார்ந்தார். அவர் நல்ல மனுஷன். கூடுவாஞ்சேரியில் ஏசி சர்வீஸ் கடை வைத்திருக்கிறார். இந்த ஒரு மாதமாகக் கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு மாமனாரைத் தூக்கவும் இறக்கவும் அவர்தான் இருந்தார்.

"மாமி, ஒண்ணு சொல்றேன். இப்ப அவன்கிட்ட சொல்ல வேணாம். இருக்காரு, தூங்குறாருன்னு மட்டும் சொல்லுவோம். ராத்திரி பூரா அந்த ஏர்போர்ட்டுல ஒத்தையா உக்காந்திருக்கணும். தோள்ல கை போட ஒரு ஆள் கிடையாது. நாளைக்கு நான் போய்க் கூட்டிட்டு வரும்போது கார்ல வெச்சு சொல்றேன்."

"அதுக்குள்ள இவர எடுத்துடுவோமே."

"எடுத்துடுவோம்தான்."

ஜெய்னப் யோசித்துப் பார்த்தாள். ஷாகுல் சொன்னது இரக்கத்தில் சொன்னது. ஆனால் நாளைக்கு சாஹில் வந்து தன் முகத்தைப் பார்ப்பான். நேற்று சாயங்காலம் அம்மா எந்தக் குரலில் பேசினாள், அப்போது அத்தா எங்கே இருந்தார் என்று வாழ்நாள் முழுக்கத் தோண்டிக்கொண்டிருப்பான். ஏற்கெனவே அவனுக்குத் தெரியாமல் நடந்தது ஒன்று போதாதா. இல்லை, அது அத்தாவுக்குத் தெரியாமல் அவன் செய்தது. எது யாருக்குத் தெரியாமல் நடந்தது என்று அவளுக்கே ஒரு கணம் குழம்பிப்போயிற்று. இந்த வீட்டில் நல்லதுக்காக மறைத்ததெல்லாம் போதும் என்று மட்டும் தோன்றியது.

"நானே பேசறேன்" என்றாள்.

ஷபீனா போனில் ஒரு படத்தைத் திறந்து காட்டினாள். நீலத்தின் மேல் மஞ்சள் நிறத்தில் ஒரு சின்ன விமானம். "இதுதாம்மா சாஹில் வர்ற ஃப்ளைட்." ஜெய்னப் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு பார்த்தாள். அது நகர்வதாகவே தெரியவில்லை. "அத்தா போன நேரத்துல ஆஸ்திரேலியாவுக்கு மேல இருந்துச்சு, நான் பாத்தேன்" என்றாள் ஷபீனா. தகப்பன் உயிர் போகிற நேரத்தில் இதைப் பார்த்துக்கொண்டிருந்தாளா என்று ஜெய்னப்புக்குக் கோபம் வரவில்லை. அவளும் தம்பியை எதிர்பார்த்துக்கொண்டுதானே இருந்திருக்கிறாள். அந்த மஞ்சள் விமானத்துக்குள் இப்போது சாஹில் சாப்பாட்டுத் தட்டைப் பிரித்துக்கொண்டிருக்கலாம். அத்தாவிடம் முதலில் என்ன சொல்வது என்று நினைத்துப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அவன் தரையில் கால் வைக்கிற வரைக்கும் அங்கே பாட்சா உயிரோடுதான் இருக்கிறார். மேலே போகிற அந்த ஒரு இடத்தில் மட்டும்.

பெண்கள் யாசீன் ஓதிக்கொண்டிருந்தார்கள். பின்கட்டில் குளிப்பாட்டுவதற்குத் தண்ணீர் காய்ந்துகொண்டிருந்தது. அசர் தொழுதுவிட்டு ஆண்கள் திரும்பி வந்து தெருவில் உட்கார்ந்தார்கள். ஜிஎஸ்டி ரோட்டின் இரைச்சல் எப்போதும்போல இரண்டு தெரு தாண்டி வந்துகொண்டிருந்தது. வெயில் மஞ்சளாகிற நேரத்தில் போன் அடித்தது.

"அம்மா, எறங்கிட்டேன்." அவன் நடந்துகொண்டே பேசினான், மூச்சு வாங்கியது. பின்னால் ஒரு பெண் குரல் ஏதோ ஊருக்கான அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்தது. "அத்தா முழிச்சிருக்காரா? போன அவர் காதுல வெய்யி. நான் ஒண்ணு சொல்லணும். நேர்ல வந்து நின்னா எனக்கு வாய் வருமோ வராதோ. பத்து மணி நேரமா அதையேதான் நினைச்சுக்கினு வந்தேன். காதுல மட்டும் வெய்யிம்மா, அவர் பேச வேணாம்."

ஜெய்னப் எழுந்து நடந்தாள். ஓதிக்கொண்டிருந்த பெண்கள் வழிவிட்டார்கள். வெள்ளைத் துணியை மார்பு வரைக்கும் போர்த்தியிருந்தது. தாடைக் கட்டுக்குப் பின்னால் அவருடைய காது தெரிந்தது, பெரிய, மடல் தொங்கிய காது. அவள் குனிந்தாள். போன் அந்தக் காதுக்கு ஒரு விரல்கடை தூரத்தில் இருந்தது. வைத்துவிடலாம். அவன் சொல்லிவிடுவான். சொல்லி முடித்த நிம்மதியோடு ராத்திரி அந்த நாற்காலியில் தூங்குவான். நாளைக்கு, நீ பேசினதைக் கேட்டுட்டுத்தாம்பா போனாரு என்று சொன்னால் யார் மறுக்கப் போகிறார்கள். இந்த அறையில் இருக்கிற எந்தப் பெண்ணும் வாயைத் திறக்கமாட்டாள்.

"வெச்சிட்டியாம்மா?" என்றது போன்.

அவள் கையை இழுத்துக்கொண்டாள்.

"சாஹில். அத்தா போயிட்டாருப்பா."

நடக்கிற சத்தம் நின்றது. அறிவிப்புக் குரல் வேறொரு ஊருக்குப் போய்விட்டிருந்தது. சக்கரம் வைத்த பெட்டி ஒன்று அவன் பக்கத்தில் உருண்டு போனது கேட்டது. ஜெய்னப் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"எப்ப?"

"லுஹர் பாங்கு சொல்றப்ப."

"நான் எங்க இருந்தேன் அப்ப?"

"ஆஸ்திரேலியாவுக்கு மேலன்னு ஷபீனா சொன்னா."

அவன் அழுகிறானா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்து வந்த குரல் சின்ன வயசுக் குரலாக இருந்தது. "என்னக் கேட்டாராம்மா? பொய் சொல்லாத. கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லு."

"கேட்டாரு. நியூசிலாந்துலேருந்து வர்றதுக்கு எத்தனை மணி நேரம் ஆகும்னு கேட்டாரு. அவராவே கேட்டாரு. பதினாலு மணி நேரம்னு ஷபீனா சொன்னா. அவ்ளோதானான்னு கேட்டாரு. காலைல நீ ஏறிட்டன்னு சொன்னேன். விரல் விட்டு எண்ணிப் பாத்துட்டு, ராத்திரி சாப்பாட்டுக்கு வந்துடுவான்னாரு. இல்ல நாளைக்குத்தான்னு நான் சொல்லல. சொல்ல மனசு வரல. தால்ச்சா வைக்கச் சொன்னாரு உனக்கு."

இப்போது அவன் அழுவது கேட்டது. அவள் தடுக்கவில்லை. அங்கே அவனைச் சுற்றி ஜனங்கள் போய்க்கொண்டிருப்பார்கள். யாராவது ஒருத்தராவது நின்று பார்ப்பார்களா, தண்ணீர் வேண்டுமா என்று கேட்பார்களா என்று நினைத்தாள். அவன் அடங்குகிற வரைக்கும் பாட்சாவின் போர்வை நுனியைச் சரிசெய்துகொண்டே இருந்தாள்.

"உன்னக் கேக்காம எடுக்கக் கூடாதுன்னு வெச்சிருக்கேன்" என்றாள். "நீ இருக்கச் சொன்னா இருக்கோம். ஜமாஅத்துல நான் பேசிக்கறேன்."

"வேணாம்மா. எடுத்துடுங்க. என் இஷ்டத்துக்கு அவர ஒரு தடவ பண்ணது போதும்."

"வரும்போது பாத்து வா."

"நான் வந்து என்னம்மா பண்ணப் போறேன்" என்றான். கொஞ்சம் பொறுத்து, "வர்றேன்" என்றான்.

அவள் போனை வைக்கவில்லை. "நீ என்னமோ சொல்லணும்னியே. இப்ப சொல்லு. அவர் காதுல வெக்கிறேன்."

அவன் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஜெய்னப் குனிந்து போனைப் பாட்சாவின் காதில், தாடைக் கட்டை மெதுவாக விலக்கி, ஒட்டிவைத்துப் பிடித்துக்கொண்டாள். மகன் என்ன சொல்கிறான் என்று தன் காதில் விழாதபடி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ஓதுகிற சத்தம் தானாகவே நின்றுபோனது. ரத்தினபாய் முந்தானையை வாயில் வைத்து அழுத்திக்கொண்டாள். போனின் வெளிச்சம் அவருடைய கன்னத்தில் ஒரு பக்கம் விழுந்திருந்தது. அந்தப் பக்கம் மட்டும் அவர் கேட்டுக்கொண்டிருப்பவர் போல இருந்தார். கை வலித்தது. மாற்றிப் பிடிக்கவில்லை. வெளிச்சம் அணைந்த பிறகும் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு எடுத்தாள்.

மஃரிப் தொழுகைக்குப் பிறகு எடுத்தார்கள். ஜிஎஸ்டி ரோட்டைக் கடக்கும்போது பஸ்களும் லாரிகளும் நின்று வழிவிட்டதாகப் பிறகு யேசுதாசன் சார் வந்து சொன்னார். மையத்தை வாங்கி வைக்க ஷாகுல் கபுருக்குள் இறங்கினாராம். மகன் இறங்க வேண்டிய இடம் என்று யாரும் சொல்லவில்லை, ஆனால் இறங்குவதற்கு முன்னால் அவர் சற்று நின்றாராம்.

மறுநாள் காலையில் ஷாகுல்தான் மீனம்பாக்கத்துக்குப் போனார். விமானம் இறங்கிவிட்டதென்று ஷபீனா சொல்லி வெகு நேரமாகியும் அவர்கள் வரவில்லை. நேரே கபுர்ஸ்தானுக்குப் போயிருப்பார்கள் என்று ஜெய்னப்புக்குத் தெரிந்தது. புருஷனை இழந்து இத்தாவில் இருப்பவள், வாசலுக்குப் போகக் கூடாது. உள்ளறையில் உட்கார்ந்து, தெருவில் வந்து நிற்கிற ஒவ்வொரு வண்டியின் சத்தத்தையும் கேட்டுக்கொண்டிருந்தாள்.

சாஹில் வந்தான். தோளில் ஒரு பை மட்டும்தான். கால்சட்டையின் முழங்காலில் ஈர மண் ஒட்டியிருந்தது. இரண்டு வருஷத்தில் தலையின் முன்பக்கம் வழுக்கை ஏறிவிட்டிருந்தது. அவள் காலடியில் உட்கார்ந்து மடியில் முகத்தை வைத்துக்கொண்டான். அவள் முதுகைத் தடவிக்கொடுத்தாள். ஷபீனா டீ கொண்டுவந்து வைத்தாள். அது ஆடை கட்டியது.

"பதினாலுன்னு யாரும்மா சொன்னது?" என்றான் பிறகு, தலையைத் தூக்காமலே.

"போன்ல போட்டிருந்துச்சுடா" என்றாள் ஷபீனா. அவள் குரல் உடைந்தது. "நான் அப்படியே படிச்சுட்டேன்."

"அது நேரா பறந்தா ஆகுற நேரம்க்கா." அவன் குறை சொல்கிற மாதிரி சொல்லவில்லை. "நேரா வர்ற ஃப்ளைட்டே கிடையாது. எங்கயாவது எறங்கி ஏறித்தான் ஆகணும்."

"தெரிஞ்சிருந்தா அவர்கிட்ட சொல்லியிருக்க மாட்டேன்."

"சொன்னது நல்லதுதான்" என்றான் சாஹில். "எனக்கும் அந்தக் கணக்குலேயே வந்திருக்கலாம்னு இருக்கு."

அவன் எழுந்து ஹாலுக்குப் போனான். கட்டிலை எடுத்து மாடிப்படி ஓரமாக நிறுத்திவைத்திருந்தார்கள். கட்டில் கிடந்த இடம் கழுவி விடப்பட்டு, நான்கு கால்களின் தடம் மட்டும் சிமெண்டில் தெரிந்தது. அவன் அங்கே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தான். துக்கம் கேட்க வந்த ஆண்கள் இரண்டு பேர் ஏதோ சொல்ல, தலையாட்டினான். அவர்கள் போன பிறகும் தலையாட்டிக்கொண்டிருந்தான். பிறகு பார்த்தால் தூங்கியிருந்தான். வாய் கொஞ்சம் திறந்திருந்தது. ஒரு பகலும் ஒரு ராத்திரியும் உட்கார்ந்தே வந்த உடம்பு சுவரிலிருந்து மெல்லச் சரிந்து, அந்த நான்கு தடங்களுக்கு நடுவில் ஒருக்களித்துப் படுத்துக்கொண்டது. எழுப்பித் தலையணை கொடுக்க ஷபீனா வந்தாள். வேண்டாம் என்று ஜெய்னப் கை காட்டினாள்.

ஜன்னல் திரையை நேற்றுக் கூட்டத்துக்காக யாரோ கழற்றியிருந்தார்கள். எங்கே வைத்தார்கள் என்று தெரியவில்லை. பதினோரு மணி வெயில் கம்பிகளுக்கு ஊடாக விழுந்து, அவன் கழுத்தில் தொடங்கி முகத்துக்கு ஏறிக்கொண்டிருந்தது. அவன் தூக்கத்திலேயே கண்ணைச் சுருக்கினான். ஜெய்னப் துப்பட்டியை நன்றாக இழுத்துப் போர்த்திக்கொண்டு, தெருவுக்கு முதுகைக் காட்டியபடி, ஜன்னலுக்கும் அவனுக்கும் நடுவில் போய் நின்றாள். அவள் நிழல் அவன் முகத்தின் மேல் விழுந்தது. சுருங்கிய கண் மெல்லத் தளர்ந்தது. வெளியே யாரோ வந்து சத்தமில்லாமல் செருப்பைக் கழற்றினார்கள். வெயில் நகர்ந்தபோது அவளும் ஓரடி நகர்ந்து நின்றுகொண்டாள்.